தரை தெரியாத கால்

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார் டாக்டர். மூடிக்கொண்டேன். பெரம்பலூரில் சர்க்கரை வியாதிக்கென்றே நடக்கிற ஒரு ஆஸ்பத்திரி. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

"உள்ளங்கால்ல நான் தொடறப்பல்லாம் 'ம்'னு சொல்லுங்கம்மா. தொட்டது தெரிஞ்சா மட்டும் சொன்னாப் போதும்."

சரி என்று காத்திருந்தேன். வெளியே யாரையோ டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிட்டார்கள். டாக்டர் தொடுவதாகவே தெரியவில்லை. கம்ப்யூட்டரில் எதையோ பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். நான் அரியலூர் போய், அங்கிருந்து பஸ் மாறி உடையார்பாளையம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போக வேண்டும். அந்த எரிச்சலில், "எப்ப சார் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"முடிச்சிட்டேம்மா. கண்ணைத் தொறங்க" என்றார்.

அவர் கையில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு துண்டு இருந்தது. அதன் முனையால் என் இரண்டு உள்ளங்கால்களிலும் இடம் மாற்றி மாற்றிக் குத்தியிருக்கிறார். எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. முன்பெல்லாம் காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கும். பிறகு அந்தத் தொந்தரவெல்லாம் தானாக நின்றுபோனது. நானும் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். நரம்பு செத்துப்போனதைத்தான் குணமாகிவிட்டது என்று நினைத்திருக்கிறேன்.

"இனிமே வெறுங்கால்ல நடக்கவே கூடாது. ரோட்டுல மட்டும் இல்ல, வீட்டுக்குள்ள, சமையல்கட்டுல, பாத்ரூம்ல, எங்கயும். கால்ல எது குத்தினாலும் உங்களுக்குத் தெரியாது. தெரியாத புண்ணுதான் காலை வாங்கும்."

பயத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். அது பிறவிக் குணம். "உங்க வாசல்லயே 'காலணிகளை வெளியே விடவும்'னு போர்டு மாட்டியிருக்கீங்களே சார்" என்றேன். அவர் பக்கத்தில் நின்ற நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் தரையைப் பார்த்தாள். தரை நன்றாகத் துடைத்துப் பளபளவென்று இருந்தது.

வெளியே வந்து என் செருப்பைத் தேடினேன். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. எல்லாம் ஜோடி ஜோடியாகக் கிடக்க, ஒரு ஆண் செருப்பு மட்டும் ஒற்றையாகக் கிடந்தது. மற்றொன்று எங்கே என்று என் வாத்தியார் புத்தி தேடியது. பிறகுதான் தூணோரம் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தேன். வேட்டிக்குக் கீழே ஒரு கால்தான் இருந்தது. அவர் என்னைப் பார்த்துப் பழகினவர் மாதிரி சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

வீட்டில் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு முந்திரிக் காடுதான் உலகம். விடிந்ததும் போனால் சாயங்காலம்தான் வருவார். சொன்னால் கவலைப்படுவார் என்பது பாதிக் காரணம். வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தது மீதிப் பாதி. சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கிற எம்.சி.ஆர். செருப்பு ஒன்றை வாங்கிவந்து, "குதிகால் வெடிப்புக்கு" என்று சொல்லிவைத்தேன். அடியில் தடித்த ரப்பரும் மேலே அகலமான பட்டையும் வைத்து, பார்க்கவே லட்சணமில்லாமல் இருக்கும். அதை வீட்டுக்குள் போட்டுக்கொண்டு சமையற்கட்டில் நின்றபோது எனக்கே என்னமோ போலிருந்தது. சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் செருப்பு. என் அம்மா இருந்திருந்தால் கரண்டியாலேயே போட்டிருப்பார்.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "என்னா, வூட்டுக்குள்ளயே செருப்போட திரியற? வெளிநாட்டுக்காரி ஆயிட்டியா?" என்றார். அன்றைக்கே கழற்றி வாசலில் விட்டேன். கேலிக்குப் பயந்து பெரிய பயத்தை மறைத்துவைத்தேன் என்பது இப்போது யோசித்தால் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை.

பள்ளிக்கூடத்தில் அதைவிடச் சங்கடம். நான் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். பிள்ளைகள் தரையில்தான் உட்காரும், தரையில்தான் எழுதும், தட்டை வைத்துத் தரையில்தான் சாப்பிடும். டீச்சரும் அவர்களோடு பாயில் உட்கார்ந்து அட்டைகளைப் பரப்பி வைத்துத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதனால் எல்லோரும் செருப்பை வாசலில் வரிசையாக விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டதே நான்தான். ஒரு நாள் துணிந்து செருப்போடு உள்ளே போனேன். ஒரு சின்னது எழுந்து நின்று, "டீச்சர், அப்ப நாங்களும் போட்டுக்கலாமா?" என்று கேட்டது. மறுநாள் மழை வேறு. வகுப்பு முழுக்க ஒரே சேறு. ஆயாம்மா துடைப்பத்தை என் மேஜை மேலேயே சாத்திவைத்துவிட்டுப் போனார். பிறகு நானும் வாசலில் விட ஆரம்பித்தேன்.

ஆனால் பயம் மட்டும் வாசலில் நிற்கவில்லை. பென்சில் சீவின துண்டு, ஸ்டேப்ளர் பின், நாற்காலியிலிருந்து கழன்ற ஆணி என்று தரையில் என்ன கிடக்கிறதென்றே கண் தேடிக்கொண்டிருக்கும். பாடத்தில் நினைப்பு இருக்காது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன் மேல் காலைத் தூக்கிப் பார்ப்பேன். உள்ளங்காலைத் தடவிய விரலுக்குக் கால் தெரியும். காலுக்கு விரல் தெரியாது. யாரோ ஒருத்தரின் காலை எனக்குத் தைத்துவிட்டார்கள் என்று தோன்றும். கண்ணாடியைச் சுவரில் மாட்டிவிட்டு வெளியே வந்து, ஒன்றும் நடக்காதவள் மாதிரி காபி போடுவேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் புதுமனை புகுவிழா வந்தது. எங்கள் பள்ளியில் என்னோடு வேலை பார்த்து, பெரம்பலூருக்கு மாற்றலாகிப் போன டீச்சர் அவள். என்னைவிடச் சின்னவள். அக்கா அக்கா என்று உயிரை விடுவாள். கடனை உடனை வாங்கி, மாடியோடு வீடு கட்டியிருந்தாள். நாள் குறித்துவிட்டதால் கடைசி நேரத்தில் ஆளை விரட்டி விரட்டி வேலை நடந்தது என்று போனில் சொல்லியிருந்தாள்.

என் வீட்டுக்காரருக்குக் காட்டில் வேலை. நான் மட்டும்தான் போனேன். வாசலில் வாழை மரம், ஷாமியானா, ஒரு செருப்பு மலை. நிலைப்படிக்குப் பக்கத்தில் அவள் மாமியார் பட்டுப்புடவையோடு நின்று வருகிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதிகாலையில் பால் காய்ச்சி, ஆரத்தி எடுத்துக் கொட்டியிருந்தார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர் வாசல் கோலத்தின் மேல் குட்டையாகத் தேங்கியிருந்தது.

நான் படிக்கட்டில் நின்றேன். செருப்போடு போகட்டுமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. புது வீட்டு நிலைப்படியைச் செருப்புக் காலால் மிதிக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? "எனக்குக் காலில் உணர்ச்சி இல்லை" என்று சொன்னால், நல்ல நாளில் அத்தனை பேருக்கு நடுவே என் வியாதி வரலாறு தொடங்கும். கொஞ்ச நேரம்தானே, பார்த்துப் பார்த்து நடந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றி, திரும்பிப் போகும்போது கண்ணில் படுகிற மாதிரி ஓரமாக விட்டேன். ஆரத்தித் தண்ணீரை ஒதுங்கித் தாண்டி உள்ளே போனேன்.

வெள்ளை டைல்ஸ். சுத்தமாக இருக்கிறது என்று ஆறுதலாக இருந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீடு முழுக்கக் காட்டினாள். சாமி அறை, சமையற்கட்டு, அலமாரிகள், ஒவ்வொரு சுவிட்சும். மாடிக்கும் கூட்டிப்போனாள். "இந்த ஜன்னல் கண்ணாடியெல்லாம் நேத்து சாயங்காலம்தான்க்கா மாட்டுனாங்க. வெட்டி வெட்டி இங்கயே மாட்டுனாங்க" என்றாள். நான் ஜன்னல் வழியாகத் தெரிந்த ஊரைப் பார்த்தேன். காலடியைப் பார்க்க மறந்துபோனேன்.

யாரோ கூப்பிட, அவள் கீழே போய்விட்டாள். நான் இன்னொரு அறையையும் எட்டிப் பார்த்துவிட்டு நிதானமாக இறங்கினேன். கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவள் நாத்தனார் மாடிப்படியைக் காட்டிச் சத்தம் போட்டாள்.

"யாரு ஆரத்தித் தண்ணிய மிதிச்சிட்டு மாடி ஏறினது? படியெல்லாம் பாருங்க, வெள்ளை டைல்ஸு நாசமாப் போச்சு!"

படிக்குப் படி சிவப்புத் தடம். எல்லோரும் பிள்ளைகளைப் பார்த்தார்கள். பிள்ளைகள் என்றால் நான் சும்மா இருப்பேனா? காபியை வைத்துவிட்டு எழுந்தேன். அங்கே ஓடி விளையாடிக்கொண்டிருந்ததுகளைப் பிடித்து வரிசையாக நிறுத்தி, "காலைக் காட்டு. ம், நீ காட்டு" என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாக் காலும் அழுக்காக இருந்தன. ஒன்றிலும் சிவப்பு இல்லை. "பொய் சொன்னா டீச்சருக்குக் கண்டுபிடிக்கத் தெரியும்" என்று மிரட்டவும் செய்தேன். பெரியவர்கள் சிரித்தார்கள்.

"விடுங்க டீச்சர், ஆரத்திதானே. நல்லதுதான்" என்றார் மாமியார்.

என் கை சும்மா இருக்காது. ஒரு துணியை நனைத்து வாங்கிக்கொண்டு நானே மாடிப்படியைத் துடைக்கப் போனேன். மேலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு படியாகத் துடைத்துக்கொண்டே பின்பக்கமாக இறங்கினேன். துணி சிவந்தது. ஆரத்தி காய்ந்தால் செங்காவி நிறத்தில் பொடிந்து வரும். இது பிசுபிசுவென்று வந்தது. அது என் மூளைக்கு எட்டியது. எட்டியும் நான் நம்பவில்லை. கடைசிப் படியைத் துடைத்து நிமிர்ந்து, "ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே சமையற்கட்டுப் பக்கம் துணியை அலசப் போனேன்.

கூடத்தில் பேச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் தரையைப் பார்த்தார்கள்.

"அக்கா," என்றாள் அவள், மிக மெதுவாக. "நிக்கிற எடத்துலயே நில்லுங்கக்கா. உங்க காலுதான்."

திரும்பிப் பார்த்தேன். மாடிப்படியிலிருந்து நான் நின்ற இடம் வரைக்கும் ஒற்றைக் கால் தடம், புதிதாக, ஈரமாக. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியடியில் ஒரு திட்டு. வலது காலைத் தூக்கிப் பார்த்தேன். விரல்களுக்குக் கீழே சதைப்பற்றான இடத்தில் கண்ணாடிச் சில்லு ஒன்று புதைந்திருந்தது. வெளியே தெரிந்த முனை வெளிச்சத்தில் மின்னியது. அதன் மேலேயே மாடியிலிருந்து இறங்கியிருக்கிறேன், காபி குடித்திருக்கிறேன், பிள்ளைகளை விசாரித்திருக்கிறேன், படி துடைத்திருக்கிறேன்.

வலித்திருந்தால் கத்தியிருப்பேன். கத்தியிருந்தால் பயம் கொஞ்சம் வெளியே போயிருக்கும். ஒன்றும் வலிக்கவில்லை. அந்த ரத்தத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லாத மாதிரி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "புது வூட்டுல ரத்தம்..." என்று யாரோ ஒரு அம்மாள் முணுமுணுத்தது காதில் விழுந்தது. என் சிநேகிதி அதைக் காதில் வாங்காமல் தன் பட்டு முந்தானையாலேயே என் காலைச் சுற்றிக் கட்டினாள். அவள் வீட்டுக்காரர் காரை எடுத்தார்.

அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். சில்லை எடுத்து ஒரு தட்டில் போட்டார். டங்கென்று சத்தம் கேட்டது. அது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு மூன்று நாளில் காலில் வீக்கம் வந்தது, காய்ச்சல் வந்தது. படுக்கையில் சேர்த்தார்கள். "கெட்ட சதையைச் சுத்தம் பண்ணணும். எலும்புக்குப் போகாம இருக்கணும். போயிருந்தா விரலை எடுக்க வேண்டி வரலாம்" என்று டாக்டர் என்னிடம் சொல்லவில்லை, ஊரிலிருந்து ஓடிவந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரரிடம் சொன்னார். விரலில் ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வாசலில் ஒற்றைச் செருப்பைப் பார்த்தவள் நான்.

எல்லாம் கேட்டு முடித்தபிறகு அவர் என்னிடம், "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். அவர் பண்ணின கேலியை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் உடைந்திருப்பார்.

மரத்த கால் என்பதால் மயக்க ஊசி இல்லாமலேயே சதையை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு ஜெபம் சொன்னேன். கத்தரிக்கோல் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர்தான் "ஐயோ, பாத்து சார், பாத்து" என்று துடித்தார். ஒரு தடவை அவருக்கே தலை சுற்ற, நர்ஸ் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, "அய்யா, நீங்களும் ஒரு தடவை சுகர் பாத்துக்குங்க" என்றார்.

"நமக்கெல்லாம் அது வராதுங்க. உழைக்கிற ஒடம்பு" என்றார் இவர். நானும் அதை நம்பினேன்.

விரல் தப்பியது. எலும்புக்குப் போகவில்லை. புண் ஆற மாதக்கணக்கில் ஆனது. ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் என்ன நிறத்தில் இருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆறின பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. வீட்டுக்குள் செருப்பு, சமையற்கட்டில் செருப்பு. வகுப்புக்குள் போட்டுக்கொள்ளத் தனியாக ஒரு ஜோடி வைத்தேன். பிள்ளைகளிடம், "டீச்சர் காலுக்குக் கண்ணு தெரியாது, அதனால கண்ணாடி போட்டிருக்கேன்" என்றேன். அதுகளுக்கு அது போதுமாக இருந்தது. பெரியவர்களுக்குத்தான் விளக்கம் தீரவே தீராது.

கோயிலில் மட்டும் முடியவில்லை. எங்கள் ஊர் மாதா கோயிலில் யாரும் செருப்போடு உள்ளே போவதில்லை. பங்குச் சாமியாரே, "போட்டுக்கிட்டே வாங்கம்மா, மாதா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. கேட் வாசலில் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போகப் பயந்து நின்றேன்.

"நீ என் பின்னாலயே வா" என்றார் என் வீட்டுக்காரர். கேட்டிலிருந்து கோயில் படி வரை மணல். வெறுங்காலால் மணலைத் தேய்த்துத் தேய்த்து, கல்லோ முள்ளோ கிடந்தால் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார். உள்ளேயும் நான் உட்காரும் இடம் வரைக்கும் தரையைக் காலால் துழாவிக்கொண்டே வருவார். "ம், வா. ஒண்ணும் இல்ல" என்பார். ஞாயிற்றுக்கிழமைதோறும் இது நடந்தது. ஊரில் சிலர் சிரித்தார்கள். நான் வெட்கப்படவில்லை. வாரம் முழுக்கப் பயந்துகொண்டே நடக்கிறவளுக்கு அந்தக் கொஞ்ச தூரம் மட்டும் நிம்மதியாக இருந்தது. அவர் மிதித்த இடத்தில்தான் மிதிப்பேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு. பூசை நடந்துகொண்டிருந்தது. முழங்கால் போட முடியாததால் நான் பெண்கள் பக்கம் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஆண்கள் பக்கம், எனக்குக் கொஞ்சம் முன்னால். மணி அடித்ததும் எல்லோரும் முழங்காலிட்டார்கள். வரிசையாக உள்ளங்கால்கள் என் பக்கம் திரும்பின. அவர் காலையும் பார்த்தேன். இடது காலில், குதிகாலில் அல்ல, நடுவில் பள்ளமான மெல்லிய இடத்தில், ஒரு நெருஞ்சி முள் கொத்தாகக் குத்தியிருந்தது. சுற்றிலும் சதை சிவந்து வீங்கியிருந்தது. நேற்றோ முந்தாநாளோ காட்டில் ஏறியதாக இருக்க வேண்டும்.

அதன் பிறகு சாமியார் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. பார்த்து எடுக்காமல் விட்டிருப்பார், வேலை அவசரம், ஆம்பளைகளுக்கு முள்ளெல்லாம் ஒரு பொருட்டா என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பூசை முடியும்வரை அவர் காலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வழக்கம்போல என் நாற்காலிக்கு வந்தார். தரையைத் துழாவிக்கொண்டே முன்னால் நடந்து, மணலுக்கு இறங்கி, "வா, ஒண்ணும் இல்ல" என்றார்.

"ஏங்க, நில்லுங்க," என்றேன். "உங்க கால்ல முள்ளு ஏறியிருக்கு."

"எங்க?" என்று சிரித்துக்கொண்டே அவர் என் தோளைப் பிடித்து, முள் இருந்த இடது காலையே ஊன்றி நின்று, வலது காலைத் தூக்கித் தடவித் தடவித் தேடினார்.